பால் டில்லிக் பற்றிப் பேசும்போது சறுக்கும் இடங்கள்

தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தின் மணியோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு மார்ட்டின் லூதர் வழிவந்த சபையைக் குறிக்கும் லுத்தரன் என்ற சொல் வீட்டுச் சொல். ஆனாலும் லுத்தரன் போதகரின் மகனும் ஜெர்மன் இறையியலாளருமான பால் டில்லிக்கைப் பற்றிக் கூட்டங்களில் பேச எழும்போது நம் வாலிபர்கள் திரும்பத் திரும்பச் சில இடங்களில் சறுக்குகிறார்கள்.

பெரிய சறுக்கல் மொழிபெயர்ப்பில்தான். அவருடைய 'அல்டிமேட் கன்சர்ன்' என்ற சொல்லை 'இறுதிக் கவலை' என்று ஒரு தம்பி எழுதிவந்தார். கேட்டவர்களுக்கு மரணப் படுக்கைதான் நினைவுக்கு வந்தது. டில்லிக் சொன்னது கவலையை அல்ல. எந்த நிபந்தனையும் இல்லாமல் நம்மை முழுதாகப் பிடித்துக்கொள்வதை. 'முழுமுதல் பற்று' என்று சொல்லிப் பாருங்கள். "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்று பள்ளியில் படித்த காதுக்கு அது உடனே பிடிபடும். தேசம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தால் அது விக்கிரகம் என்றார் அவர். ஹிட்லரின் ஜெர்மனியில் வாழ்ந்தவர் சொன்னது அது. 1933-இல் பிராங்பர்ட் பல்கலைக்கழகத்தில் பதவி பறிபோய், 47 வயதில் நியூயார்க் போய், ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிக் கற்றவர்.

கடவுள் 'இருக்கிறார்' என்று வாதிடுவதே அவரை மறுப்பதாகும் என்று அவர் எழுதியதை மட்டும் பிய்த்தெடுத்து, நாத்திகர் என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. நம் வயலில் நிற்கும் பயிர்களை எண்ணும்போது மண்ணையும் ஒரு பயிராகச் சேர்த்து எண்ணுவோமா? இருக்கும் பொருள்களில் கடவுளும் ஒன்றல்ல, எல்லா இருப்புக்கும் அவரே நிலைக்களம் என்பதுதான் அவர் கருத்து.

டில்லிக்கின் சிந்தனையில் இருத்தலியல் உண்டு. மனிதன் தன் இருப்பை, அதன் அச்சத்தோடும் தெரிவுகளோடும், எதிர்கொள்வதைப் பேசும் தத்துவம் அது. இருத்தலியல் என்றாலே பிரெஞ்சு நாத்திகத் தத்துவவாதி சார்த்தர், ஆகவே கடவுள் மறுப்பு என்பதும் தவறு. அதன் முன்னோடியான கீர்க்ககார் ஆழ்ந்த கிறிஸ்தவர். டென்மார்க்காரர், அவர் எழுதத் தொடங்கிய நாட்களில் தரங்கம்பாடியிலும் டேனிஷ் கொடிதான் பறந்தது. 1845-இல்தான் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

வாழ்க்கையை அமெரிக்காவிலிருந்து தொடங்காதீர்கள். முதல் உலகப் போரில் நான்கு ஆண்டுகள் படைப் போதகராக இருந்து, செத்தவர்களுக்கு அடக்க ஆராதனை நடத்திய மனிதர் அவர். சிறுவயதில் கற்ற பதில்கள் அங்கே போதாமல் போயின. மரணம், அர்த்தமின்மை, குற்றவுணர்வு என்று 1952-இல் 'இருப்பதற்கான துணிவு' நூலில் அவர் அடுக்கிய அச்சங்களை அந்தப் போர்முனையோடு சேர்த்துச் சொன்னால்தான் உயிர் வரும். விசுவாசம் வந்தால் சந்தேகம் ஓடிவிடும் என்று அவர் வாயில் வைக்கவும் வேண்டாம். சந்தேகத்தையும் தனக்குள் தாங்கி நிற்பதே அவருக்கு விசுவாசம்.

அவரைப் பரிசுத்தவானாக்கிவிடுவதும் நேர்மையல்ல. அவருக்கு வேறு பெண்களோடு இருந்த உறவுகளை மனைவி ஹன்னா 1973-இல் தன் வரலாற்றில் எழுதினார். எனக்குப் பிடித்த இறையியலாளர்தான். இருந்தும் ஹன்னாவின் வலியை ஒரு வரியிலாவது சொல்லாமல் நான் கூட்டத்தை முடிப்பதில்லை.