மனிதகுலத்திற்கு எதிரான குற்றமா? சட்டத்தை வைத்துச் சரிபார்ப்பது எப்படி

கூட்டுக்கொலைச் செய்தி வந்தவுடன் 'மனிதகுலத்திற்கு எதிரான குற்றம்' என்று எழுதிவிடுகிறோம். கோபம் நியாயமானது. ஆனால் மதுரையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வழக்காடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். என்னிடம் வரும் ஜூனியர்களுக்குச் சொல்லித்தரும் முறை இது.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தின் 7ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் ஏற்கப்பட்டு, 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொலை, சித்திரவதை, நாடுகடத்தல், பாலியல் வன்முறை, வலிந்து காணாமலாக்குதல் எனப் பதினொரு செயல்கள் அதில் உண்டு. எல்லோரும் நேரே அந்தப் பட்டியலுக்குத்தான் ஓடுகிறார்கள். அதற்கு மேலே இருக்கும் வாக்கியத்தில் நில்லுங்கள். பொதுமக்கள் மீதான பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதலின் பகுதியாக, அந்தத் தாக்குதலை அறிந்தே செய்திருக்க வேண்டும் என்கிறது அது. அந்த 'அல்லது'வைப் பென்சிலால் வட்டமிடுங்கள். இரண்டில் ஒன்று போதும். எதிர்த்தரப்பு இரண்டையும் கேட்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் இரண்டாம் உட்பிரிவையும் புரட்டிப் பாருங்கள். அரசின் அல்லது ஓர் அமைப்பின் கொள்கை பின்னால் இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. பெரும்பாலான வாதங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

இதற்கு நான் எப்போதும் எடுத்துவைப்பது, இந்திரா காந்தி கொலைக்குப் பின் சீக்கியர்கள் மீது தாக்குதல் நடந்த 1984 டெல்லி. ராஜ் நகரில் நவம்பர் 1, 2 தேதிகளில் ஐந்து சீக்கியர்களைக் கொன்றார்கள், குருத்வாராவை எரித்தார்கள். கணவனையும் மகனையும் ஒரே நாளில் பறிகொடுத்த ஒரு பெண் கடைசிவரை சாட்சியத்திலிருந்து அசையவில்லை. இந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2018 டிசம்பர் 17 தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது: டெல்லி கன்டோன்மென்ட் பகுதியில் மட்டும் சாவு 341, பதிவான முதல் தகவல் அறிக்கை 21. ஜூனியர்களை இதைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். இரண்டாம் எண்ணுக்கு வரும்போது குரல் தழுதழுக்காதவர்கள் குறைவு.

இந்தக் கணக்கே கொள்கைக்குச் சான்றாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. ரோம் சாசனத்தின் துணை ஆவணமான குற்றக் கூறுகள், தாக்குதலை ஊக்குவிக்கவே அரசு வேண்டுமென்றே கைகட்டி நின்றால் அதையும் கொள்கையாகக் கொள்ளலாம் என்கிறது. அதே அடிக்குறிப்பில், செயல்படாமை ஒன்றை மட்டும் வைத்துக் கொள்கை இருந்ததாக ஊகிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. எனவே கூட்டத்தை வழிநடத்தியது யார், மேலிருந்து கிடைத்த பாதுகாப்பு என்ன என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

அடுத்து, எந்த நாட்டுச் சட்டம் என்று பாருங்கள். நாஜித் தலைவர்களை விசாரிக்க எழுதப்பட்ட 1945 நியூரம்பெர்க் சாசனம் போரோடு தொடர்பு கேட்டது, ரோம் கேட்கவில்லை. பிரான்சின் சட்டம் கூடிப்பேசி வகுத்த திட்டம் இருந்ததா என்று கேட்கிறது. ஜெர்மனி 2002இல் தனிச் சட்டமே இயற்றியது. அதன்படிதான் சிரிய உளவுத்துறை அதிகாரி ஒருவருக்குக் கோப்ளென்ஸ் நீதிமன்றம் 2022இல் ஆயுள் தண்டனை விதித்தது. இந்தியா ரோம் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. இந்தக் குற்றம் நம் சட்டத்தில் இல்லை, அந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்று 2018 தீர்ப்பிலேயே நீதிபதி முரளிதர் எழுதினார். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இல்லை. இது எனக்குப் பெரும் வேதனை. ராஜ் நகர் வழக்கிலும் சதி, கொலைக்கு உடந்தை போன்ற பழைய பிரிவுகளை வைத்தே முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

ஆகவே இன்று ஒரு வழக்குக் கட்டைக் கையில் எடுத்தால் கொலை, சதிப் பிரிவுகளில் மனுவை எழுதுங்கள். கூடவே சாவுக் கணக்கு, முதல் தகவல் அறிக்கைக் கணக்கு, காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் அந்த நாளுக்கான பக்கத்தின் நகல், கூட்டத்தை அழைத்துவந்தவரைக் கண்ணால் கண்டவரின் வாக்குமூலம் ஆகியவற்றைத் தனித் தாளில் தேதியிட்டுச் சேர்த்து வையுங்கள்.