வௌவால் ஒலிக்கருவி கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சொந்தமாக வௌவால் ஒலிக்கருவி (நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியான மீயொலியைக் கேட்கும்படி மாற்றித் தருவது) கட்டுபவர், அதை முதலில் சோதித்துப் பார்க்கும் இடம் பெரும்பாலும் தம் புளோக்கின் கீழே நிற்கும் நாட்டுவாதுமை மரத்தடியாகத்தான் இருக்கும். நானும் அங்கேதான் தொடங்கினேன். மாலை ஏழரை மணிக்குத் தலைக்கு மேல் சிறகடிப்பு நன்றாகத் தெரிந்தது, கடித்துப் போட்ட காய்கள் காலடியில் விழுந்தன, ஆனால் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் வெறும் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அன்றிரவே பெருக்கிச் சிப்பைக் கழற்றி மாற்றினேன். மறுநாள் மைக்கையும் மாற்றினேன். இரண்டிலும் குறை இருக்கவில்லை.

அந்த மரத்துக்கு வந்தவை நாய்முகப் பழந்தின்னி வௌவால்கள். பெரிய கண்களையும் மோப்பத்தையும் நம்பி இரை தேடும் இவ்வினம், பூச்சியுண்ணும் வௌவால்களைப்போல் தொண்டையிலிருந்து மீயொலி எழுப்பி எதிரொலியைக் கேட்டுப் பறப்பதில்லை. சிறகுகளால் இவை மெல்லிய சொடுக்கொலி எழுப்புவதாக 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது உண்மைதான். ஆயினும் அதை நம்பிக் கையடக்கக் கருவியைச் சோதிக்க முடியாது. ஆகவே, வௌவாலை வைத்துக் கருவியைச் சோதிப்பதுதான் முதல் தவறு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மைக்கின் அருகே லேசாகத் தேய்த்தாலோ சாவிக்கொத்தைக் குலுக்கினாலோ போதுமான மீயொலி பிறக்கும். வீட்டிலேயே அது தெளிவாகக் கேட்ட பிறகுதான் வெளியே கிளம்ப வேண்டும்.

மைக்கைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு இதைவிட நயவஞ்சகமானது. மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் ஓரிரு வெள்ளிக்குக் கிடைக்கும் 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலி உணரி, தூரம் அளக்கும் கருவிகளுக்காகச் செய்யப்பட்டது. அது 40ஐ ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டுமே நன்றாகக் கேட்கும். நம் குடியிருப்புகளைச் சுற்றிப் பறக்கும் மஞ்சள் வீட்டு வௌவாலின் குரல் ஏறக்குறைய அந்தப் பட்டையிலேயே அமைவதால், கருவி வேலை செய்கிறது என்று கட்டியவர் மகிழ்ந்துவிடுகிறார். 30 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கூவும் கல்லறை வௌவாலும், 100ஐ நெருங்கிக் கூவும் சிறிய குதிரைலாட வௌவாலும் அவரைக் கடந்து போவதை அவர் ஒருபோதும் அறிவதில்லை. அந்த உணரியை வீசிவிட வேண்டாம். சோதனைக்கு ஒலி எழுப்பும் பொருளாக அது அருமையாகப் பயன்படும்.

மெம்ஸ் (சிலிக்கான் சிப்பிலேயே செதுக்கப்பட்ட) வகைச் சிறிய மைக்குகள் அகன்ற பட்டையில் கேட்பவை என்பதால் பலரும் இன்று அவற்றையே வாங்குகிறார்கள். ஆனால் அவற்றைக் கெடுப்பது மிக எளிது. இவ்வகையில் பலவற்றுக்கு ஒலி நுழையும் துளை அடிப்பக்கத்தில், மின்சுற்றுப் பலகையை நோக்கி இருக்கும். பலகையிலும் அதற்கு நேராக ஒரு துளை வேண்டும். பற்றவைக்கும்போது, ஈயம் நன்றாக ஒட்டத் தடவும் ஃபிளக்ஸ் என்ற பசை உருகி அந்தத் துளைக்குள் கசிந்தால் கதை முடிந்தது. நான் கெடுத்த ஒரு மைக்கை உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஊசிமுனை அளவுத் துளையின் விளிம்பில் தேன் நிறத்தில் ஒரு படலம் பளபளத்தது. அதைச் சுரண்ட முயன்றதும், ஆல்கஹால் ஊற்றிக் கழுவியதும், காற்றுக் குப்பியால் ஊதியதும் அடுத்தடுத்து நான் செய்த தவறுகள். பலகையின் மறுபக்கத் துளையை வெப்பம் தாங்கும் டேப்பால் மூடிவிட்டு, ஃபிளக்ஸை மிகக் குறைவாகத் தொட்டுப் பற்றவைப்பது நல்லது. கை பழகாதவர்கள், மைக் ஏற்கெனவே பொருத்தப்பட்ட சிறு பலகையாகவே வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

பெட்டிக்குள் மைக்கை ஒளித்து வைத்து, தடித்த ஸ்பாஞ்சால் மூடுபவர்களும் உண்டு. மழைக்கு அது பாதுகாப்புதான், ஆனால் மீயொலியும் உள்ளே வராது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கேட்பதும் அப்படித்தான்.

மின்சாரத்துக்குப் பவர் பேங்கைப் பயன்படுத்தும்போது கவனம் தேவை. அதன் உள்ளே மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று மிக வேகமாக இயங்கி நின்றுகொண்டே இருப்பதால், அந்தச் சத்தம் கருவிக்குள் புகுந்து, வௌவாலே இல்லாத இடத்திலும் நிலையான ஊளையாகக் கேட்கும். சாதாரண பேட்டரிகளுக்கு மாற்றிப் பாருங்கள். ஊளை நின்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பதிவு செய்யும் கருவிகளில் வேறு வகைச் சிக்கல். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோமோ அதில் பாதி அதிர்வெண் வரைதான் சரியாகப் பதிவாகும். ஆகவே 48,000 முறை அளக்கும் கைப்பேசிப் பதிவு 24 கிலோஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். 192,000 முறை அளந்தால் 96 வரை கிடைக்கும், ஆனால் 100 கிலோஹெர்ட்ஸ் குரல் அங்கே காணாமல் போவதில்லை. தக்க வடிகட்டி இல்லாவிட்டால், அது மடிந்து 92இல் பொய்யாகத் தோன்றும். ஆடியோமோத் போன்ற பதிவுக் கருவிகள் 384,000 வரை அளப்பதற்குக் காரணம் இதுவே. பதிவை எம்பி3 ஆகச் சுருக்கிச் சேமிப்பவர், தேடிச் சென்ற மீயொலியைத் தாமே அழிக்கிறார்.

வௌவாலின் குரலைக் கருவியே உண்டாக்கும் ஓர் அதிர்வெண்ணுடன் கலந்து கேட்க வைக்கும் ஹெட்டரோடைன் கருவியில், அந்த அதிர்வெண்ணை மாற்றும் திருகு காட்டும் எண்ணையே வௌவாலின் அதிர்வெண் என்று எழுதிவைப்பது பரவலான தவறு. அக்கருவி தருவது அந்த இரண்டு அதிர்வெண்களின் வேறுபாட்டை மட்டுமே. 45 கிலோஹெர்ட்ஸ் குரல் வரும்போது திருகை 43இல் வைத்தாலும் 47இல் வைத்தாலும் ஒரே 2 கிலோஹெர்ட்ஸ் ஒலிதான் கேட்கும். திருகை மெல்ல நகர்த்தி, ஒலி மிகவும் தாழ்ந்து கனக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கண்டுபிடித்தாலும் இனத்தின் பெயரை உடனே முடிவு செய்துவிடக் கூடாது, ஏனெனில் ஒரே வௌவால் திறந்த வெளியில் ஒரு விதமாகவும் இலைகளுக்கு நடுவே வேறு விதமாகவும் கூவும். வெட்டுக்கிளி இனப் பூச்சிகளும் மீயொலி எழுப்புகின்றன. ஒரே புதரிலிருந்து நிமிடக்கணக்கில் மாறாமல் வந்தால் அது பூச்சி. நெருங்கி வந்து, துடிப்புகள் திடீரென நெருக்கமாகி, நீண்ட ரீங்காரமாக முடிந்தால் இரையைப் பிடிக்கும் வௌவால்.

உயர்ந்த அதிர்வெண்களைக் காற்றே விழுங்கிவிடுகிறது. 40 கிலோஹெர்ட்ஸிலேயே மீட்டருக்கு ஒரு டெசிபெலுக்கு மேல் குறையும், 100இல் இழப்பு இன்னும் அதிகம். எனவே குதிரைலாட வௌவாலைத் தொலைவில் நின்று கேட்க முடியாது.

இடம் பற்றியும் ஒரு சொல். சுங்கை பூலோ சதுப்புநில வனப்பகுதியும் புக்கித் தீமா இயற்கை வனப்பகுதியும் மாலை 7 மணிக்கு மூடப்படுகின்றன. நம் ஊரில் சூரியன் மறைவதும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஆகவே வௌவால் வெளிவரும் வேளையில் அங்கே இருக்கத் திட்டமிடாதீர்கள். கம்பிகள் தொங்கும் பெட்டியைத் தூணில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடவும் வேண்டாம். பொதுமக்கள் காவல்துறையை அழைத்தால் அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. இரவு முழுவதும் பதிவு வேண்டுமானால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பழைய மைக்கையே மறுபடி பொருத்தி, பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் ஆற்றோரமாக நின்று திருகை 40இல் வைத்தேன். ஏழரை தாண்டியதும் ஈரச் சொடுக்குகள் காதில் விழத் தொடங்கின.