பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவரின் காயத்துக்கு மருத்துவக் கோடு (code) போடுவது எப்படி

காயத்தையும் அதன் காரணத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டைத்தான் இங்கே கோடு என்கிறேன். ஒரு மாதிரி சார்ட் (நோயாளியின் மருத்துவப் பதிவு) எடுத்துக்கொள்வோம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த பெண், சாலையில் கார் மோதி, வலது காலில் டிபியா (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) முறிவு. அமெரிக்காவில் நோய், காயங்களுக்குப் பயன்படும் கோடுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மில் காயத்தின் கோடுதான் முதலில் வரும். விபத்துக் காரணத்தின் கோடு ஒருபோதும் முதலில் வராது. முறிவைப் பற்றி வேறு விவரம் இல்லையென்றால் எஸ்82.201ஏ. தோல் கிழிந்த முறிவா என்று எழுதாவிட்டால் மூடிய முறிவாகத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் விபத்து. மோதிய பொருளை வைத்து முதல் மூன்று இடங்கள்: கார் என்றால் வி23, லாரி, பஸ் என்றால் வி24, எதிலும் மோதாமல் சறுக்கி விழுந்தால் வி28.

நான்காவது இடம்தான் உயிர்நாடி. பொதுச்சாலையில் ஓட்டியவருக்கு 4, பின்னால் வந்தவருக்கு 5, யாரென்று தெரியாவிட்டால் 9. ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டால் 3. "பைக் - கார் மோதல்" என்று மட்டும் டாக்டர் எழுதியிருந்தால் அவசரப்பட்டு 9 போடாதீர்கள். ஆம்புலன்ஸ் குறிப்பையும் நர்ஸ் குறிப்பையும் படியுங்கள். அங்கே ஒரு துப்பு இருந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்புங்கள். "இவர் பின்னால்தானே இருந்தார்?" என்று பதிலைத் திணிக்கும் கேள்வி கூடாது. ஓட்டியவரா, பின்னால் வந்தவரா, தீர்மானிக்க முடியவில்லையா என்று எல்லா வாய்ப்பையும் கொடுத்துக் கேளுங்கள்.

பலர் சிக்குவது ஐந்தாவது இடத்தில். 2022 அக்டோபர் 1 முதல் மின்சார சைக்கிளுக்கு 1, மற்ற மோட்டார் சைக்கிளுக்கு 9 என்று பிரித்துவிட்டார்கள். பழைய குறிப்புத்தாளில் இருக்கும் வி23.5எக்ஸ்எக்ஸ்ஏ இப்போது செல்லாது. சரியானது வி23.59எக்ஸ்ஏ. நடுவில் வரும் எக்ஸ், சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஏழாவது இடத்து எழுத்து இடம் மாறாமல் இருக்க வைக்கும் நிரப்பி. அதை விட்டால் கோடே செல்லாது.

கோடு தேடித் தரும் எந்த என்கோடர் மென்பொருள் இருந்தாலும், கடைசியில் எல்லாக் கோடுகளும் வரிசையாக இருக்கும் டேபுலர் லிஸ்டைத் திறந்து பார்த்துவிடுவதே எனக்குப் பிடித்த வழி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் இணையதளத்தில் அது இலவசம். அமெரிக்காவில் விபத்துக் கோடு நாடு முழுக்கக் கட்டாயமில்லை; சில மாநிலங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் கேட்கும். கேட்காவிட்டாலும் போடுங்கள் என்பேன். பின்சீட்டில் வருபவர்கள் எப்படி அடிபடுகிறார்கள் என்பது இந்தக் கோடுகள் வழியாகத்தான் கணக்கில் ஏறுகிறது.

சேர்த்தது: ஏழாவது இடத்து "ஏ" முதல் வருகைக்கு மட்டும்தானா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இல்லை. நாள் கழித்து அறுவைசிகிச்சை நடந்தாலும், முறிவுக்கான நேரடி சிகிச்சை என்றால் அதுவும் "ஏ"தான். காயம் ஆறிவரும் கட்டத்தில், சிக்கல் இல்லாத மூடிய முறிவுக்கும் விபத்துக் கோடுக்கும் ஏழாவது இடத்தில் "டி". ஆனால் விபத்து எங்கே நடந்தது என்று சொல்லும் ஒய்92.410 (தெரு அல்லது நெடுஞ்சாலை) போன்ற கோடு ஒரே ஒரு முறைதான், முதல் சிகிச்சையின்போது.