பல வருஷம் நின்ற டீசல் லாரியை எழுப்புவது: செல்ஃப் அடிப்பது கடைசி வேலை

பல வருஷமாக ஓரங்கட்டி நின்ற லாரி கைக்கு வந்ததும் எல்லாருக்கும் கை பரபரப்பது ஒன்றுக்குத்தான், ஒரு பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். உள்ளே துரு பிடித்திருந்தால் பிஸ்டன் ரிங் உடையும், சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவிப் பாருங்கள், ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மேலே போகாதீர்கள். நன்றாக இருந்தாலும் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர், ஹோஸ், எலி கடித்த வயர் எல்லாம் வழக்கமான சோதனைதான்.

அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் நீளமான கம்பியோடு ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஜாம் ஆகியிருந்தால், சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம் விட்டு, சில நாள் ஊறவிட்டு, இரண்டு பக்கமும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுக்கிற வேலை மட்டும் ஆகாது.

பழைய டீசலை டேங்கின் அடியிலிருந்தே வடியுங்கள், தண்ணீரும் கசடும் அங்கேதான் தங்கும். புது பில்டர், புது டீசல், அடுத்தது ஏர் எடுப்பது, அதாவது டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. பில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்பை அடித்தால் முதலில் நுரை வரும், பிறகு குமிழி, கடைசியில் குமிழியே இல்லாமல் டீசல் வழியும், வழியும்போதே இறுக்குங்கள். நாசில்களுக்கு டீசல் தள்ளும் பம்பிலும் அப்படியே. நாசில் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்க வேண்டி வந்தால் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைக்கும்.

ஓட வைப்பதற்கு முன் நிறுத்த வழி செய்யுங்கள், நிறைய பேர் விட்டுவிடுவது இதைத்தான். அந்த டீசல் பம்ப் உள்ளே, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் கம்பி முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் எஞ்சின் தானாக வெறிபிடித்துச் சுற்றும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவர் தடையில்லாமல் அசைகிறதா பாருங்கள். எஞ்சினுக்குக் காற்று போகும் ஏர் பைப்பைக் கழற்றி வைத்து, வாயை அடைக்க ஒரு தடித்த பலகையும் ஆளும் தயாராக இருக்கட்டும். கையால் அடைக்கக் கூடாது.

சரி, இப்போது பேட்டரி. 24 வோல்ட் வண்டி என்றால் இரண்டு 12 வோல்ட் தொடராக, ஒவ்வொன்றும் 12.6 காட்ட வேண்டும். ஸ்டாப்பை இழுத்துப் பிடித்தபடி பத்துப் பத்து விநாடியாக, நடுவில் செல்ஃப் ஆற விட்டு, ஆயில் பிரஷர் முள் அசையும் வரை அடியுங்கள். பிறகுதான் ஸ்டாப்பை விட வேண்டும். தொடக்கத்தில் வெள்ளைப் புகை வரும், பயப்பட வேண்டாம். ஆனால் ஓடத் தொடங்கியதும் பிரஷர் ஏறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ஏமாறாதீர்கள், டயரின் பக்கவாட்டில் தயாரித்த தேதியைச் சொல்லும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம். காற்றில்லாமல் நசுங்கிக் கிடந்த டயரைக் கழற்றிப் பார்க்காமல் காற்றடித்தால் பக்கவாட்டில் வெடிக்கலாம்.

ஏர் டேங்கில் தண்ணீரை வடித்து, பிரஷர் ஏறிய பிறகே ஹேண்ட் பிரேக் விடும். அப்படியும் சக்கரம் நகரவில்லை என்றால் பிரேக் லைனர் பிரேக் டிரம்மோடு ஒட்டியிருக்கிறது. காற்று இல்லாதபோது பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரைப் பிரிப்பது மட்டும் விஷயம் தெரிந்தவர் வேலை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும். முதல் ஓட்டம் காலி இடத்தில், நடை வேகத்தில். இறங்கி ஒவ்வொரு டிரம் அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தைப் பிரிக்காமல் சாலைக்குப் போக வேண்டாம்.