ஸ்மித்ஸைக் கேட்க ஆறு தட்டுகள் போதும்

த ஸ்மித்ஸ் என்ற ஆங்கில ராக் இசைக்குழு 1982இல் மான்செஸ்டரில் கூடி, 1987இல் கலைந்தது. ஸ்டூடியோ அல்பம் என்று வந்தவை நான்குதான். நான்கையும் ஒரே மூச்சில் போட்டாலும் மூன்று மணி நேரம் ஆகாது. ஆனால் போனில் பெயரைத் தேடினால் தொகுப்புகள் வரிசையாக வந்து குவியும். என்னிடம் கிட்டார் பழக வரும் பொடியன்கள், "சேர், எதைத்தான் முதல்ல கேக்கிறது?" என்று தலையைச் சொறிவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

குழப்பத்துக்குக் காரணம் சிங்கிள்கள். இவர்களுடைய நல்ல பாட்டுகளில் பாதி, சின்னத் தட்டாகத் தனியே வந்தவை. அல்பத்தில் சேர்க்க மாட்டார்கள். பின்பக்கத்தில் போடும் பாட்டும் சும்மா நிரப்பியது கிடையாது. அப்படிச் சிதறியதைப் பொறுக்கிச் சேர்க்கத்தான் தொகுப்புகள் வந்தன. ஆகவே நான்கு அல்பங்களோடு 'ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ', 'லவுடர் தென் பாம்ப்ஸ்' என்ற இரண்டு தொகுப்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் குழுவின் கிட்டார்க் கலைஞர் ஜானி மார் மேற்பார்வையில் ஒலியைச் சீர்செய்த பிரதிகள் கிடைத்தால் அவற்றையே எடுங்கள்.

தொடங்க வேண்டியது 1984இல் வந்த 'ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ'. முதல் அல்பத்திலிருந்து தொடங்காதீர்கள். அதை ஒரு தயாரிப்பாளரோடு பதிவுசெய்து, பிடிக்காமல் ஒதுக்கிவிட்டு, ஜான் போர்ட்டரோடு மறுபடி செய்தார்கள். அப்படியும் ஒலி கொஞ்சம் மந்தம்தான். அதே காலத்தில் பிபிசி வானொலிக்காக விறுவிறென்று வாசித்த பதிவுகள் 'ஹாட்ஃபுல்'லில் இருக்கின்றன. 'ஸ்டில் இல்' பாட்டை இரண்டு இடத்திலும் கேளுங்கள், விளங்கும்.

'ஹவ் சூன் இஸ் நவ்' பாட்டும் இதில்தான். அந்த நடுங்கும் கிட்டாருக்குப் பெடல் தேடிக் காசைக் கரைக்காதீர்கள். ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் அம்ப்ளிஃபயர்களில் ஒலியை நடுங்க வைக்கும் ட்ரெமலோவைத் தாளத்தோடு ஒத்துப்போக வைத்து, பிசகும் இடத்தில் நிறுத்தித் திரும்ப வாசித்து எடுத்த ஒலி அது. முதலில் ஒரு பன்னிரண்டு அங்குலத் தட்டின் பின்பக்கத்தில் கிடந்தது என்றால் நம்புவீர்களா!

அடுத்தது 1986இன் 'த குயீன் இஸ் டெட்'. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ் கிளம்பும்போது போட்டால், களுவாஞ்சிகுடிப் பக்கம் போகும்போது முடியும். ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் முதல் பாட்டின் டிரம் காத்தான்குடி நெரிசலுக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். இயர்போன் கட்டாயம் வேண்டும். போன் ஸ்பீக்கரில் போட்டால் ஆண்டி ரூர்க்கின் பேஸ் கிட்டார் காணாமல் போய்விடும், பிறகு இந்தக் குழுவில் பாதி இல்லை.

அந்த பேஸுக்காகவே மூன்றாவதாக 'மீட் இஸ் மர்டர்' (1985). இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த இவர்களுடைய ஸ்டூடியோ அல்பம் இது ஒன்றுதான். 'பார்பரிசம் பிகின்ஸ் அட் ஹோம்' ஏழு நிமிடம் கிட்ட ஓடும். நம்மூர்ப் பறங்கியர் கல்யாணங்களில் காஃப்ரிஞ்ஞாவுக்குக் கால் எடுத்து வைத்தவர்களுக்கு இதில் எங்கே ஆடுவது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பாடகர் மொரிசியின் குரல் பிடிக்காதவர்கள் இதிலிருந்து உள்ளே வரலாம்.

ஒரு சின்ன வேலை இருக்கிறது. உங்கள் பிரதியில் இந்த அல்பத்தின் நடுவே 'ஹவ் சூன் இஸ் நவ்' இருந்தால், அமெரிக்காவில் சேர்த்த வரிசை அது. பிரித்தானியத் தட்டில் ஒன்பது பாட்டுகள்தான். முதல் அல்பத்திலும் 'திஸ் சார்மிங் மேன்' அப்படித்தான் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் வந்து ஏறியது. இரண்டையும் நான் வரிசையிலிருந்து எடுத்துவிடுவேன். 'ஹாட்ஃபுல்'லில் இரண்டும் இருக்கின்றனவே, 'திஸ் சார்மிங் மேன்' மட்டும் பிபிசிப் பதிவாக.

'லவுடர் தென் பாம்ப்ஸ்' 1987இல் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்தது, 24 பாட்டுகள். 'பானிக்', 'ஆஸ்க்', 'ஹாஃப் எ பேர்சன்' எல்லாம் இங்கேதான். ஒரேயடியாகக் கேட்காமல் நாளுக்கு ஆறு ஆறாகக் கேளுங்கள். 'கோல்டன் லைட்ஸ்' வந்தால் தாண்டிப் போகலாம், ஒரு நட்டமும் இல்லை. 'ஹாட்ஃபுல்'லில் உள்ள சில பெயர்கள் இதிலும் வரும். 'ஹெவன் நோஸ் ஐம் மிசரபிள் நவ்' இரண்டிலும் ஒரே பதிவு, ஒன்றை அழிக்கலாம். 'பேக் டு தி ஓல்ட் ஹவுஸ்' அப்படியில்லை. 'ஹாட்ஃபுல்'லில் தனிக் கிட்டாரும் குரலும், இதில் முழுக் குழுவும். பெயரைப் பார்த்து அழிக்காமல் கேட்டுப் பார்த்து அழியுங்கள். இடம் மிச்சம் பிடிக்கும் ஆப்களை இந்தப் பக்கமே விடாதீர்கள்.

'த வேர்ல்ட் வோண்ட் லிசன்' தொகுப்பு இந்த ஆறும் இருந்தால் தேவையில்லை. மேடைப் பதிவான 'ரேங்க்' பிறகு பார்க்கலாம்.

அப்புறம் முதல் அல்பம். கடைசியாக 'ஸ்ட்ரேஞ்ச்வேஸ், ஹியர் வி கம்'. 1987 செப்டம்பரில் இது கடைக்கு வந்தபோது மார் குழுவை விட்டுப் போயிருந்தார். கிட்டார் பழகுகிறவர்கள் முதல் பாட்டைக் கவனியுங்கள், அதில் கிட்டாரே கிடையாது.

இந்த ஆறிலும் அகப்படாத சில பாட்டுகளில் 'ஜீன்' ஒன்று. 'திஸ் சார்மிங் மேன்' ஏழு அங்குலத் தட்டின் பின்பக்கப் பாட்டு அது. 2008இல் வந்த 'த சவுண்ட் ஆஃப் த ஸ்மித்ஸ்' தொகுப்பின் இரட்டைத் தட்டுப் பதிப்பில், இரண்டாவது தட்டில் தேடுங்கள்.