கணக்கெடுக்க அவர்கள் வருவதற்குள் நம் கணக்கு கையில் இருக்கட்டும்

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரத்துத் தெருக்களில் சட்டத் தன்னார்வலராகப் போய்வருகிறேன். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்துட்டா என்ன பண்றது?" வந்தபின் செய்ய நிறைய உண்டு. ஆனால் அதிகாரிகள் கணக்கெடுக்க வருவதற்கு முன்பே, எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற தெருவின் கணக்கு நம்மிடம் இருந்தால்தான் அதில் பாதியாவது பலிக்கும்.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். எழுதத் தெரிந்த ஒரு பெண்ணும், தெருவில் எல்லாரையும் அறிந்த ஒரு பெரியவரும் சேர்ந்து வீடு வீடாகப் போகட்டும். குடும்பத்தலைவி பெயர், வீட்டில் இருப்பவர்கள், எந்த ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறார்கள், என்ன வேலை, பிள்ளைகள் எந்தப் பள்ளி, நடக்க முடியாதவர், டயாலிசிஸ் போகிறவர் யார் என எல்லாம் எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவரை விடாதீர்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் வாடகைக்காரர் பெயர் நோட்டில் ஏற வேண்டும்.

பெரிய சிக்கல் ஒரே கதவுக்குள் இருக்கும் இரண்டு குடும்பங்கள். பத்தடி அறை, நடுவே பிளைவுட் தடுப்பு, இந்தப் பக்கம் மாமியார் அடுப்பு, அந்தப் பக்கம் மருமகள் அடுப்பு. கணக்கெடுப்பவர் கதவைப் பார்த்து ஒரு குடும்பம் என்று எழுதிவிட்டுப் போவார். அப்புறம் அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்தும் பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு. மருமகள் பெயர் இன்னும் தாய்வீட்டு ரேஷன் அட்டையில் இருந்தால் முதலில் அதை நீக்கச் சொல்லுங்கள். பிறகு இந்த முகவரியில் தனி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் இன்றைக்கே தொடங்குங்கள். இரண்டு அடுப்பையும் போட்டோ எடுத்து நோட்டில் ஒட்டுங்கள்.

ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஈ.பி. கார்டு, கேஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, பழைய கணக்கெடுப்பில் கொடுத்த டோக்கன் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று கட்டாயம் தெருவுக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் பாய், பாத்திரத்தோடு காகிதமும் போனது. காகிதம் போனவர்கள் தாங்கள் அங்கே வாழ்ந்ததையே நிரூபிக்க அலைந்தார்கள்.

அடுத்து ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். குடிசை மாற்று வாரியத்தின் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 'ஏன்', 'எப்படி' வேண்டாம், நகல் கேளுங்கள். எங்கள் பகுதி 1971ஆம் ஆண்டு குடிசைப் பகுதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால் அந்த அரசிதழ் நகல், எங்கள் பகுதிக்கு எடுத்த கணக்கெடுப்புப் பட்டியலின் நகல். சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. உங்கள் பகுதி அதில் இருந்தால் 29ஆம் பிரிவு கைகொடுக்கும். உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்கிறது அது. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

நோட்டீஸ் வந்தால் எந்தச் சட்டத்தின்படி என்பதை முதலில் பாருங்கள். 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டமா, 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டமா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். சுவரில் ஒட்டினால் தேதி தெரியப் போட்டோ எடுங்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்றது. அதைக் காட்டித் தைரியம் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றுக்கு அந்த உத்தரவு பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. ஆற்றங்கரை மக்களிடம் இதை மறைக்கக் கூடாது. அவர்கள் நம்பக்கூடியது வேறு. 1985 ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும், நியாயமான நடைமுறை இல்லாமல் அகற்றக் கூடாது என்றது அதே நீதிமன்றம். அதனால் உங்கள் பதிலில் வேலை செய்யும் இடம் எத்தனை கிலோமீட்டர், பஸ்ஸுக்கு எவ்வளவு, பிள்ளைக்குப் பொதுத்தேர்வு எப்போது என்று வீட்டுக்கு வீடு எழுதுங்கள். நோட்டில் எழுதியது இங்கேதான் உதவும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. அதனால் மனுவைப் பெண்கள் பெயரில் போடுங்கள். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100க்கும் அழைக்கலாம். போகும்போது நோட்டின் நகலைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். எந்த மனுவுக்கும் முத்திரையும் தேதியும் போட்ட ரசீது வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். "அப்புறம் வாம்மா" என்றால் அங்கேயே நில்லுங்கள், கூட நாலு பேர் நிற்கட்டும்.