மாருதி 800: வெளுத்த பம்பர், உடைகிற பிளாஸ்டிக், வீட்டிலேயே என்ன செய்யலாம்?

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது, அதனால் இன்று ஓடுகிற எந்த 800-ம் பத்து வயதைத் தாண்டியதுதான். இன்ஜின் சொன்னபடி கேட்கும், கறுப்பு பம்பர்தான் சாம்பல் பூத்து நிற்கும். கம்பெனி பீஸ் முழுதாக இருக்கும்வரை அதையே தேற்றப் பாருங்கள், டூப்ளிகேட் பீஸ்களில் பல ஒழுங்காக உட்காராது.

முதலில் கழுவுங்கள். கார் ஷாம்பு, பழைய டூத் பிரஷ், நிறையத் தண்ணீர். சொரசொரப்புக்குள் பழைய வேக்ஸ் வெள்ளையாக அடைந்திருக்கும், வெயில்தான் வெளுக்க வைத்தது என்று நினைப்பதில் பாதி இதுதான். வெள்ளைத் துணியில் அழுக்கு வராதவரை விடாதீர்கள். காய்ந்த பிறகும் சாம்பலாகவே இருந்தால், வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலை அரித்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து பூச்சு. தேங்காய் எண்ணெய், டீசல் எல்லாம் வேண்டாம். ஒன்று தூசியைப் பிடிக்கும், மற்றது பக்கத்து ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். சிலிக்கான் டிரெஸ்ஸிங் பளபளக்கும், நாலு மழையில் போய்விடும். வெளுத்த பிளாஸ்டிக்கைக் கறுப்பாக்கவே வருகிற பூச்சு டிரிம் ரெஸ்டோரர், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிழலில், மெல்லிசாகத் தடவி, மிச்சத்தை உடனே துடைத்து, ஒரு நாள் தண்ணீர் படாமல் வைத்தால் போதும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் கறுப்பாக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பாவது உண்மைதான், ஆனால் கை ஒரு இடத்தில் நின்றால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும், நிறமும் நிரந்தரமில்லை. புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

உள்ளே இருப்பதைக் கழற்றுவதில்தான் ஆபத்து. வண்டி கொஞ்ச நேரம் வெயிலில் நின்ற பிறகு கழற்றுங்கள், சூடான பிளாஸ்டிக் வளையும், குளிர்ந்தது பட்டென்று ஒடியும். டோர் பேடுக்கு, அதாவது கதவின் உள்பக்கப் பலகைக்கு முன் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி வர வேண்டும், அதற்குப் பின்னால் ஒரு கம்பி கிளிப் ஒளிந்திருக்கும். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் துணிப்பட்டை ஒன்றை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுங்கள், கிளிப் துள்ளி வெளியே வரும். எங்கே போய் விழுகிறது என்று கண் வைத்திருங்கள், இல்லாவிட்டால் சீட்டுக்கு அடியில் தேட வேண்டியதுதான். பேடை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்கி, பேடைக் கதவோடு பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு நேரே கொடுத்து எடுங்கள்.

விரிசல் விட்டிருந்தால் பீஸைத் திருப்பி, அச்சில் பதிந்த எழுத்தைப் படியுங்கள். அது எந்த வகை பிளாஸ்டிக் என்று சொல்லும். ஏபிஎஸ் (ABS) என்றிருந்தால் சரி, அசிட்டோன் அதைக் கரைக்கும், பின்பக்கமாக விரிசலில் அசிட்டோனைத் தடவி அழுத்தினால் ஒன்றாகிவிடும். பிபி (PP) என்றிருந்தால் சாதாரணப் பசை எதுவும் ஒழுங்காகப் பிடிக்காது, சூட்டில் உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் வெல்டிங்தான்.

அதுவும் முடியாதென்றால் மாற்றலாம். சென்னைக்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. பழைய பீஸைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஓரத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். கிளிப் உட்காரும் மேடையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது ஏற்கெனவே களைத்துப்போனது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கிளிப்கள் மட்டும் புதிதாகவே வாங்குங்கள், நாலைந்து கூடுதலாக, மாட்டும்போது ஒன்றிரண்டு எப்படியும் உடையும்.